பெப்புவில் வெந்நீர்க் குளியல்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஜப்பானின் கியூஷு தீவில், மலைக்கும் கடலுக்கும் நடுவே சரிந்து கிடக்கும் ஊர் பெப்பு. 2,000-க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. ஊரின் ஒரு பகுதியான கன்னாவா பக்கம் போனால் தெருவோரச் சாக்கடை மூடியின் இடுக்கிலிருந்துகூட ஆவி கிளம்பும். வெந்நீர் ஊற்றையும் அதில் குளிக்கும் இடத்தையும் அங்கே ‘ஒன்சென்’ என்கிறார்கள். நம்மில் பலர் ஒன்சென் என்றாலே தயங்குவதற்கு ஒரே காரணம்தான்: துணியில்லாமல் குளிக்க வேண்டும். அதனால் அதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன்.

1. போய்ச் சேருவது

ஃபுகுவோகாவின் ஹகாட்டா ஸ்டேஷனிலிருந்து ‘சோனிக்’ எக்ஸ்பிரஸில் சுமார் 2 மணி நேரம். என்னைக் கேட்டால், ஒசாகாவிலிருந்து வரும் இரவுக் கப்பல்தான் அழகு. சாயங்காலம் ஏறிப் படுத்தால் விடிந்ததும் பெப்பு.

2. கையை நனைத்துப் பாருங்கள்

பெப்பு ஸ்டேஷன் வாசலில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒருவர் சிலையாக நிற்பார். இந்த ஊருக்குச் சுற்றுலாப் பயணிகளை வரவழைத்த அபுராயா குமஹாச்சி அவர். பக்கத்திலேயே கை நனைக்க ஒரு வெந்நீர்த் தொட்டி உண்டு. சூடு எப்படி என்று அங்கேயே பழகிக்கொள்ளலாம், காசு கிடையாது.

3. தகெகவாரா

ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். 1879-இல் தொடங்கிய பொதுக் குளியலிடம். இப்போதுள்ள மரக் கட்டடம் 1938-இல் எழுந்தது. ஒரு சிறிய துண்டும் சோப்பும் கையோடு கொண்டுபோங்கள். பச்சை குத்தியிருந்தால் எந்தக் குளியலிடமானாலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பல இடங்களில் விடமாட்டார்கள்.

செருப்பை வெளியே விட்டுவிட்டு, காசு கட்டி உள்ளே போனால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வழி. உடை மாற்றத் தனி அறை எதிர்பார்க்காதீர்கள். துணியை வைக்கும் இடத்திலிருந்தே கீழே படியிறங்கினால் தொட்டி. நடுவில் சுவர் கிடையாது. ஷவரும் இல்லை. எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். யாரும் உங்களைப் பார்க்கப்போவதில்லை. வாரம் முழுக்க வருகிற உள்ளூர்த் தாத்தாக்களுக்கு அவரவர் முதுகைத் தேய்க்கவே நேரம் சரியாக இருக்கும்.

தொட்டிக்குள் கால் வைக்குமுன், ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சிறிய வாளியில் வெந்நீர் மொண்டு காலிலிருந்து மேலே ஊற்றிக்கொள்ளுங்கள். சோப்புப் போட்டுத் தேய்ப்பது, நுரை போக அலசுவது எல்லாம் தொட்டிக்கு வெளியேதான். நுரை தொட்டிக்குள் தெறிக்கவே கூடாது. அப்புறம் மெதுவாக இறங்குங்கள். துண்டு தண்ணீரில் படக்கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வதுதான் வழக்கம். நீளமான முடியைத் தூக்கிக் கட்டிவிடுங்கள்.

சூடு நாம் நினைப்பதைவிட அதிகம். முதல் தடவை ஐந்து நிமிடம் போதும். நான் வீறாப்பாக உட்கார்ந்திருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தேன். தலை சுற்றி, படியிலேயே சாய்ந்துவிட்டேன். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

கூச்சம் இன்னும் போகவில்லையா? அதே கட்டடத்தில் மணல் குளியல் இருக்கிறது. அதற்கு யுகாத்தா என்ற பருத்தி அங்கியைத் தருவார்கள். அதை உடுத்திப் படுத்தால், சூடான ஈர மணலை மண்வெட்டியால் அள்ளிக் கழுத்துவரை மூடுவார்கள். கனமாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் விரல் நுனியில்கூட நாடி துடிப்பது தெரியும்.

4. கன்னாவாவில் சாப்பாடு

குளித்தால் பசிக்கும். பஸ் பிடித்து கன்னாவாவுக்குப் போங்கள். அங்கே ‘ஜிகோகு முஷி’, அதாவது ‘நரக அவியல்’, என்று நிலத்திலிருந்து வரும் ஆவியிலேயே வேகவைத்துத் தருகிறார்கள். சைவக்காரர்களுக்கு இது பெரிய வரம். ஜப்பானில் காய்கறிக் குழம்பில்கூடப் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும். இங்கே கூடையில் பூசணி, சர்க்கரைவள்ளி, சோளம் என்று நீங்களே பார்த்து வாங்கி அடுப்பில் வைக்கலாம். மூடியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், ஆவி பொல்லாதது. கூட வரும் சாஸைத் தொடாமல் உப்பு மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.