கடைசிப் பந்தியைப் பார்த்துவிட்டு கேட்டரிங் பிடியுங்கள்

கல்யாணத்துக்குச் சமையல் பேசப் போனால் முதலில் மெனு அட்டையைத்தான் நீட்டுவார்கள். வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்கும் முதல் கேள்வி, "வர்ற முகூர்த்தத்துல உங்களுக்கு எந்த மண்டபத்துல வேலை?" என்பதுதான். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் பந்திப் பொறுப்பு என்னிடம் வரும். அதில் பார்த்ததைச் சொல்கிறேன்: முதல் பந்தியை யாரும் நன்றாகப் போட்டுவிடுவார்கள். ஆளை எடைபோட வேண்டியது கடைசிப் பந்தியில்.

டிபன் கேரியரில் சாம்பிள் கொடுத்து அனுப்புவார்கள். அது பத்துப் பேருக்கு வைத்த சாம்பார். 800 பேருக்கு வைப்பது வேறு வேலை. அதனால் அவர் அடுத்துச் சமைக்கப்போகும் கல்யாண வீட்டாரிடம் கேட்டரிங்காரர் மூலமாகவே அனுமதி வாங்கிக்கொண்டு, மதியம் ஒன்றரை மணி வாக்கில் மண்டபத்துக்குப் போங்கள். பந்திக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே ஓரமாக நின்றால் போதும்.

முதலில் சாம்பார் வாளியைப் பாருங்கள். கூட்டம் கணக்கை மீறினால் சில பேர் வெந்நீரை ஊற்றிச் சமாளிப்பார்கள். சோற்றில் ஊற்றியதும் பருப்பு மேலே தங்கி, தண்ணீர் மட்டும் பிரிந்து இலையில் ஓடினால் விஷயம் புரிந்துவிடும். அப்புறம் வடை. காலையிலேயே பொரித்துக் குவித்தது என்றால் தொட்டதும் ஜில்லென்று இருக்கும். நல்ல மாஸ்டர் மாவைப் பிரித்து வைத்துக்கொண்டு பந்திக்குப் பந்தி பொரிப்பார். சோறு தீரும்போது அடுத்த உலை கொதித்துக்கொண்டிருக்கிறதா, அரிசி களைந்து தயாராக இருக்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள். பரிமாறுகிறவர் இலையின் நுனியைச் சாப்பிடுகிறவரின் இடது கைப்பக்கம் வருகிற மாதிரி போடுகிறாரா, ரசம் கேட்ட பெரியவரிடம் திரும்பி வருகிறாரா என்பதும் அந்த நேரத்தில்தான் தெரியும். காலையில் எல்லோருக்கும் தெம்பு இருக்கும்.

கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள் யார்? பெண்ணைப் பெற்றவர்கள், விடியற்காலையிலிருந்து ஓடியாடிய அத்தை, சித்தப்பா, வேன் ஓட்டி வந்த டிரைவர். அவர்கள் இலையில் பொரியல் இல்லை, பாயசம் இல்லை என்று ஆவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. இவ்வளவு பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

பிடித்திருந்தால் அடுத்த கேள்வி: "எங்க கல்யாணத்துக்கு இதே மாஸ்டர் வருவாரா?" தையிலும் வைகாசியிலும் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு மூன்று மண்டபம் ஒப்புக்கொள்வது சாதாரணம். கைதேர்ந்த மாஸ்டர் ஒரு பக்கம், கூலிக்குச் சேர்த்த ஆட்கள் இன்னொரு பக்கம் என்று பிரிந்துவிடுவார்கள். மாஸ்டர் பெயரையும் பரிமாற எத்தனை பேர் என்பதையும் ஒப்பந்தத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

பேச்சில் இரண்டு வகை உண்டு. இலைக்கு இவ்வளவு என்பது ஒன்று. மளிகை, காய்கறி நாம் வாங்கிக் கொடுத்து, சமையல் கூலி மட்டும் பேசுவது இன்னொன்று. வீட்டில் மளிகை பார்க்க விவரமான ஆள் இருந்தால் இரண்டாவது நல்லது. எண்ணெயும் நெய்யும் நம் கைக்குள் இருக்கும். ஆள் இல்லையா, இலைக் கணக்கே நிம்மதி. மளிகை லிஸ்ட் வந்ததும் அரிசியைப் பாருங்கள். பல வகைகளோடு போடுகிற சாப்பாட்டுக்கு 100 பேருக்கு 10 முதல் 12 கிலோ அரிசி என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. அதைவிட ரொம்பத் தள்ளி இருந்தால் காரணம் கேளுங்கள்.

இலைக் கணக்கில் தகராறு வருவது எண்ணிக்கையில். காலையில் இலைக்கட்டு இறங்கும்போது நம் ஆள் ஒருவர், அவர்கள் ஆள் ஒருவர் சேர்ந்து எண்ண வேண்டும். முடிந்ததும் மீதியை எண்ணிக் கழித்தால் சரியான கணக்கு. மேளக்காரர், போட்டோக்காரர், பரிமாறுகிற பையன்கள் சாப்பிடும் இலை யார் கணக்கு? குறைந்தபட்சம் எத்தனை இலைக்குப் பணம் கட்ட வேண்டும்? பாத்திர வாடகை, கேஸ், தண்ணீர் பாட்டில், ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா? எல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் தாளில் வந்துவிட வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். 14 இலக்கம் இருக்கும்.

மண்டபத்துத் தண்ணீரை யாரும் கவனிப்பதில்லை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பருப்பு லேசில் வேகாது, சாம்பார் தாமதமாகும், பந்தி தள்ளிப்போகும். அந்த மண்டபத்தில் ஏற்கெனவே சமைத்தவரா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் முன்னதாக வந்து அடுப்பையும் தண்ணீரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மெனுவுக்கு இப்போது வரலாம். இலையில் 25 வகை போட்டால் பாதி குப்பைக்குப் போகிறது. 12, 13 வகை சூடாக, கேட்கக் கேட்க வந்தால் வயிறு நிறையும். கோடைக் கல்யாணம் என்றால் தேங்காய் அரைத்துவிட்ட கூட்டையும் சட்னியையும் குறையுங்கள், சீக்கிரம் ஊசிப்போகும். மாங்காய்ப் பச்சடி, நீர்மோர் தாராளமாகப் போடச் சொல்லுங்கள். மிஞ்சும் சாப்பாட்டை எந்த இல்லத்துக்கு, எந்த வண்டியில், யார் கொண்டுபோவது என்பதை முதல் நாளே பேசிவையுங்கள். மாலை வரை அண்டாவில் கிடந்ததை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

பாக்கிப் பணத்தைக் கடைசிப் பந்தி எழுந்த பிறகு, இலையை எண்ணிவிட்டுக் கொடுங்கள். மாஸ்டருக்கு வேட்டி துண்டும், பாத்திரம் கழுவிய பெண்களுக்குத் தனியாக ஏதாவதும் அவரவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்; மொத்தத் தொகையோடு சேர்த்தால் அவர்களிடம் போய்ச் சேராமல் போகலாம்.