கண் போகும் வழியில் கழுத்து போகும்

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். எங்கே ஒற்று விடுபட்டிருக்கிறது என்று நாள் முழுவதும் திரையைத் துருவிக்கொண்டிருப்பேன். மாலை 4 மணி ஆனால் பிடரியில் தொடங்கும் வலி, மண்டையைச் சுற்றி வந்து வலப் புருவத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். கண் இரண்டும் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். இரண்டு வருடம் மாத்திரை போட்டுப் பார்த்தேன். பிறகு விலை கூடிய நாற்காலி ஒன்று வாங்கினேன். வலி அதே 4 மணிக்கு வந்தது. சாய்ந்து உட்கார்ந்து அனுபவித்தேன், அவ்வளவுதான்.

எழுத்து தெளிவாகத் தெரியாதபோது முகம் திரையை நோக்கிப் போகிறது. முகத்தோடு கழுத்தும் போகிறது. நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அது தோளுக்கு நேர் மேலே இருக்கும்வரை பாரம் தெரியாது. முன்னால் நீண்டுவிட்டால் பிடரித் தசைகள்தான் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மேல் கழுத்தின் நரம்புகளும் முகத்தின் நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் சேர்வதால், பிடரியின் வலி நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் தெரிகிறது. ஆகவே நாற்காலியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டுக் கண்ணிலிருந்து தொடங்குங்கள்.

முதுகு நாற்காலியில் படும்படி உட்கார்ந்து, நகராமல் ஒரு பத்தியைப் படியுங்கள். முகம் முன்னே போனால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். நான் 140 சதவீதத்தில் நின்றேன். கூச்சப்பட ஒன்றுமில்லை.

அடுத்து திரை. ஒரு கை நீளம், அதாவது 50 முதல் 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். மேல் விளிம்பு கண்மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே. திரை உயரமாக இருந்தால் இமை அகல விரிந்து கண்ணீர் சீக்கிரம் உலர்கிறது. திரையைப் பார்க்கும்போது இமைப்பதும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கண் உறுத்துவதற்கு இவ்விரண்டு காரணமும் போதும்.

தூரத்துக்கும் அருகுக்கும் ஒன்றாக உதவும் பைஃபோக்கல் அல்லது புரோகிரசிவ் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இந்தக் கண்மட்டக் கணக்கு ஒத்துவராது. அருகில் பார்க்கும் பகுதி கண்ணாடியின் கீழே இருப்பதால், திரையைப் படிக்கத் தாடையைத் தூக்குகிறோம்; பிடரி மடங்கி நசுங்குகிறது. என் கதையில் பாதி இதுதான். திரையை நான்கு விரற்கடை இறக்கியதும் ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. பிறகு திரையின் தூரத்தை அளந்துகொண்டு போய், அதற்கென்றே தனிக் கண்ணாடி செய்துகொண்டேன். கண் மருத்துவரிடம் போகும்போது அந்த அளவைச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

மடிக்கணினி என்றால் திரையை உயர்த்தினால் கை தொங்கும், கையைச் சரிசெய்தால் தலை குனியும். கனமான அகராதிகளை அடியில் அடுக்கித் தனி விசைப்பலகை இணைப்பதே வழி.

ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். குளிர்சாதனக் காற்று முகத்தில் அடிக்க வேண்டாம். பாதம் தரையில் படட்டும், முழங்கை உடலை ஒட்டியிருக்கட்டும். நாற்காலியின் வேலை இவ்வளவே.

20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தொலைவில் உள்ள எதையாவது 20 வினாடி பாருங்கள். நான் தண்ணீர்ப் புட்டியை எழுந்து போனால்தான் எட்டும் இடத்தில் வைத்துவிட்டேன். கண்ணோடு கழுத்துக்கும் ஓய்வு கிடைக்கிறது.

திடீரென்று மண்டை பிளப்பதுபோல் வலித்தாலோ, பார்வை இரட்டையானாலோ, கை கால் தளர்ந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ திரையின் உயரத்தை அளந்துகொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.