பனி ஊரில் நாயின் பாதங்களைப் பேணுதல்

வட கனடாவின் இக்கலூயிட் போல, குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே இறங்கும் ஊர்களில் நாய் வளர்ப்போர் முதலில் கவனிக்க வேண்டியது அதன் பாதங்களைத்தான். விரல்களுக்கிடையே வளரும் முடியில் பனி ஒட்டி, கோலிக்குண்டு போல் உருண்டு இறுகி, நடக்கும்போதெல்லாம் தோலை அழுத்திப் புண்ணாக்கிவிடும். ஆகவே அம்முடியை நுனி மழுங்கிய கத்தரிக்கோலால் பாதத்தின் மட்டத்துக்கு வெட்டிவிட்டு, வெளியே கிளம்புமுன் பாதங்களுக்கான மெழுகுக் களிம்பைத் தடவுங்கள். அலாஸ்காவில் நாய்கள் பனிவண்டி இழுத்தோடும் இடிடராட் பந்தயத்தில், அந்த நாய்களுக்குக்கூடத் துணிக் காலுறை அணிவிக்கிறார்கள். வீடு திரும்பியதும் உருண்டைகளைப் பிடுங்காமல், வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். வாயில்லா ஜீவன் வலியைச் சொல்லாது. பாதத்தை ஓயாமல் நக்குவதே அதற்கு அடையாளம். ஹஸ்கி போன்ற, மேல்ரோமம், உள்ரோமம் என இரண்டு அடுக்கு ரோமம் கொண்ட நாய்களை மழிக்கவே கூடாது. குளிப்பாட்டுவதைக் குறைத்து, அடிக்கடி சீவிவிடுங்கள். குளிப்பாட்டினால், உள்ரோமம் வரை உலர்ந்த பிறகே வெளியே விடுங்கள்.