பாறை ஏறும் றிமோட் வண்டிக்கு இயந்திரப் பிறேக் பூட்டுதல்

குடும்பிமலைப் பக்கத்துக் கருங்கற் பாறைகளிலோ இங்கினியாகலைச் சரிவுகளிலோ 1/10 அளவுள்ள றிமோட் வண்டியை ஏற்றிப் பார்த்தவர்களுக்கு ஒரு குறை நன்கு தெரிந்திருக்கும். செங்குத்தான இடத்தில் த்ரொட்டிலை விட்டுவிட்டு அடுத்த பிடியைத் தேடும் வேளையில், நின்றுவிட்டதாகத் தோன்றும் வண்டி மெல்ல மெல்லப் பின்னுக்கு நகர்ந்து, பாறை விளிம்பைத் தவறவிட்டுக் கவிழ்ந்துவிடும். வேகக் கட்டுப்படுத்தியில் ட்ராக் பிறேக்கை நூறு வீதத்துக்குக் கூட்டி வைத்தாலும் இந்த நகர்வு முற்றாக நிற்பதில்லை.

ட்ராக் பிறேக் என்பது, வேகக் கட்டுப்படுத்தியானது மோட்டாரின் இரு முனைகளையும் தனக்குள்ளே குறுக்கிணைப்பதால் உண்டாகும் தடுப்பு ஆகும். மோட்டார் சுழன்றால்தான் அதில் மின்னோட்டம் பிறக்கும். மின்னோட்டம் பிறந்தால்தான் எதிர்ப்பு விசை உண்டாகும். எனவே வேகமாக உருளும் வண்டியை அது நன்றாகப் பிடிக்கும். ஊர்ந்து நகரும் வண்டியைப் பிடிக்க அதனிடம் பெரிதாக எதுவும் மிஞ்சாது. உணரி பொருத்திய சில புதிய பிரஷ்லெஸ் தொகுதிகள் சில்லு அசைந்ததும் மின்னூட்டி இழுத்து வைக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அவை விலை கூடியவை, பிடித்து நிற்கும் நேரமெல்லாம் பற்றரியையும் குடிக்கும். கையிலுள்ள பிரஷ் மோட்டாரை மாற்றாமல் சரிவில் அசையாது நிற்க விரும்புபவருக்கு தண்டோடு சுழலும் ஒரு தட்டும், அதை இரு பக்கமும் நெருக்கும் இரண்டு உராய்வுப் பேட்டும், றிமோட்டின் கட்டளைக்குத் திரும்பும் ஒரு சிறிய சேர்வோ மோட்டாரும் போதும். ஓடும் வண்டியின் வேகத்தைத் தணிக்கும் வேலையை வழக்கம்போல ட்ராக் பிறேக்கிடமே விட்டுவிடலாம். இயந்திரப் பிறேக்கிடம் நாம் கேட்பது நின்ற வண்டியை நின்ற இடத்தில் வைத்திருப்பதை மட்டுமே என்பதால், பாகங்களும் மெல்லியனவாகவே இருக்கலாம்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது தட்டைப் பூட்டும் இடத்தை. நான்கு சில்லுகளிலும் தனித்தனியாகப் பூட்டுவது அழகாகத் தெரியுமே தவிர, அதற்குத் தேவையான விசையும் பாரமும் பல மடங்கு. மோட்டாருக்குப் பக்கத்தில், பெரிய பற்சில்லின் தண்டில் பூட்டினால் மிகக் குறைந்த விசையே போதும்; ஆயினும் அங்கே தட்டு மிக வேகமாகச் சுழலும், பேட் சற்று உரசினாலே சூடேறிவிடும். அதைவிடப் பெரிய தடை ஒன்றும் உண்டு: பல வண்டிகளில் அந்தப் பற்சில்லோடு, சுமை மீறினால் வழுக்கிக் கொடுக்கும் ஸ்லிப்பர் கிளச் சேர்ந்திருக்கும். கிளச்சுக்கு மோட்டார்ப் பக்கமாகப் பூட்டிய பிறேக், கிளச் வழுக்கும் அளவுக்கு மேல் எதையும் பிடிக்காது. ஆகவே கியர் பெட்டியிலிருந்து பின் அக்ஸிலுக்குச் செல்லும் வெளியீட்டுத் தண்டே பொருத்தமான இடம். முன், பின் தண்டுகள் கியர் பெட்டிக்குள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதாலும், இவ்வகை வண்டிகளின் டிஃபரன்ஷியல் பெரும்பாலும் பூட்டியே இருப்பதாலும், ஒரேயொரு தட்டு நான்கு சில்லுகளையும் பிடிக்கும். பின் அக்ஸிலைத் துண்டிக்கும் டிக் வசதி உள்ள வண்டியில், அதைத் துண்டித்த நேரத்தில் பின் சில்லுகள் மட்டுமே நிற்கும்.

எவ்வளவு விசை தேவை என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் சேர்வோவைத் தெரிவு செய்வது இலகுவாகிவிடும். 2.5 கிலோ வண்டி 45 பாகைச் சரிவில் நிற்கும்போது அதைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 17 நியூற்றன். ரயரின் ஆரை 55 மி.மீ. எனில் சில்லுகளில் தேவைப்படும் முறுக்கம் 0.95 நியூற்றன் மீற்றர். அக்ஸிலின் பற்சில்லு விகிதம் ஏறத்தாழ 3 என்று கொண்டால், தண்டில் அது 0.32 ஆகக் குறையும். 30 மி.மீ. விட்டமுள்ள தட்டில் பேட்டின் நடுப்பகுதி மையத்திலிருந்து 12 மி.மீ. தூரத்தில் அமையும், உராய்வுக் குணகத்தை 0.3 என எடுத்தால், தட்டின் இரு முகங்களுமாகப் பிடிப்பதற்கு பேட்டை 44 நியூற்றன் விசையால் நெருக்க வேண்டும். கீழே சொல்லும் கேமும் (திரும்பும்போது பேட்டைத் தள்ளும் கம்பி) அதில் பூட்டிய 15 மி.மீ. நெம்பும் சேர்ந்து விசையைப் பத்து மடங்காக்குவதால், நெம்பின் நுனியை 5 நியூற்றனுக்கும் குறைவாக இழுத்தாலே இது கிடைக்கும். எம்ஜி90எஸ் போன்ற உலோகப் பல் கொண்ட சிறு சேர்வோ 4.8 வோல்ற்றில் 1.8 கி.கி.செ.மீ. முறுக்கம் தரும்; 12 மி.மீ. சேர்வோக் கையில் நமக்கு வேண்டியதோ 0.6 அளவுதான். மீதி, ஈரத்துக்கும் தேய்மானத்துக்குமான கையிருப்பு.

தட்டை 1 மி.மீ. கறள் பிடிக்காத உருக்குத் தகட்டில் லேத் பட்டறையில் கடைந்து எடுக்கலாம். 1/8 அளவு நைட்ரோ வண்டிகளுக்கு விற்கும் தட்டையும் பேட்டையும் இணையத்தில் வரவழைத்தால் இந்த வேலையே மிச்சம். தண்டு பல வண்டிகளில் 5 மி.மீ. என்றாலும், வேணியர் இடுக்கிமானியால் அளந்து பார்க்காமல் பட்டறையில் எதையும் செய்யக் கொடுக்க வேண்டாம். தட்டின் நடுவில் சதுரத் துளையும், தண்டில் தலையில்லாத ஸ்குறூவால் இறுக்கிய சதுரக் குமிழும் இருக்குமாறு செய்தால், தட்டு தண்டோடு சுழன்றபடியே ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு முன்பின் நகரும். இந்த நகர்வு அவசியமானது. ஒரு பேட் அசையாமல் இருக்க, மற்றதை மட்டும் கேம் தள்ளும்போது, தட்டு தானாகவே நடுவில் வந்து அமர்ந்துகொள்ளும், தண்டு வளைவதில்லை.

பழைய மோட்டார் சைக்கிள் பிறேக் சூவின் உராய்வுப் பகுதியை 2 மி.மீ. தடிப்பில் அறுத்து, எப்பொக்சியால் உருக்குத் தகட்டில் ஒட்டியும் பேட் செய்யலாம். பழைய சூக்களில் அஸ்பெஸ்டோஸ் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் அறுக்கவோ அரத்தால் தேய்க்கவோ கூடாது. நீர் ஊற்றி அறுத்து, முகக்கவசமும் அணிய வேண்டும். என்னைக் கேட்டால், விலை கொடுத்து வாங்கும் பேட்டே மேல்.

பேட்டுகளையும் கேமையும் தாங்கும் கலிப்பருக்கு 3 மி.மீ. தடிப்புள்ள எல் வடிவ அலுமினியம் போதும். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அலுமினிய யன்னல் செய்யும் கடைகளில் வெட்டிக் கழித்த துண்டுகளுக்குள் இது தாராளமாகக் கிடைக்கும். அதைக் கியர் பெட்டியின் ஸ்குறூக்களிலேயே பூட்ட வேண்டும். சேசிஸில் பூட்டினால், பாறையில் சேசிஸ் முறுகும் ஒவ்வொரு முறையும் பேட் தட்டில் உரசும். இரண்டு 3 மி.மீ. போல்ட்டுகள் பேட்டுகளைத் தாங்கி வழிநடத்தும்.

கேம்தான் இந்த வேலையில் பொறுமை கேட்கும் பகுதி. 4 மி.மீ. உருக்குக் கம்பியில், பேட்டைத் தொடும் நீளத்துக்கு மட்டும், ஒரு பக்கத்தை 1 மி.மீ. ஆழத்துக்கு அரத்தால் தட்டையாக்க வேண்டும். தட்டை முகம் பேட்டோடு படிந்திருக்கும்போது மையத்திலிருந்து பேட்டுக்கு 1 மி.மீ. தூரம், கம்பியைத் திருப்பினால் தட்டையின் விளிம்பு எழும்பிப் பேட்டை 2 மி.மீ. வரை தள்ளும். விளிம்பு கூராக இருந்தால் பேட்டின் முதுகைச் சுரண்டும் என்பதால், நுண்ணிய மணற்றாளால் அதைச் சற்று மழுக்கி, ஒரு துளி கிறீஸ் மட்டும் இட வேண்டும். கிறீஸ் தட்டில் பட்டுவிட்டால் பிறேக்கே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பேட்டுக்கும் தட்டுக்கும் இடையில் மொத்தமாக 0.3 மி.மீ. இடைவெளி விட்டால், கம்பி ஏறத்தாழ 10 முதல் 11 பாகை திரும்பியதும் பேட் தொடும்.

கேம் கம்பியில் பூட்டிய நெம்பையும் சேர்வோக் கையையும் சைக்கிள் ஸ்போக் கம்பியால் இணைக்கலாம். ஆனால் நேரடியாக இணைக்கக் கூடாது. கம்பி நெம்பின் துளைக்குள் தாராளமாக வழுக்கிச் செல்ல, அதன் நுனியில் ஒரு சிறு சுருள் வில்லும், வில்லை மறித்து நிற்கும் கொலரும் இருக்க வேண்டும். சேர்வோ இழுக்கும்போது கொலர் வில்லை அமுக்கும், வில் நெம்பை அமுக்கும். பேட் பிடித்த பிறகும் சேர்வோ தன் முழுத் தூரத்தையும் சென்று முடித்துவிடுவதால் அது முட்டி நின்று சூடேறாது; பேட் சிறிது தேய்ந்தாலும் அழுத்தம் பெரிதாகக் குறையாது. நைட்ரோ வண்டிகளின் பிறேக் இணைப்பும் இதே முறையில்தான் அமைந்துள்ளது.

மூன்றாவது சானலில் சேர்வோவை இணைத்து, ட்ரான்ஸ்மிற்றரில் அதன் ஓட்ட எல்லையை முதலில் பாதியாகக் குறைத்து வைத்துவிட்டு, வில் பாதியளவு அமுங்கும் வரை படிப்படியாகக் கூட்ட வேண்டும். றிசீவருக்கும் சேர்வோக்களுக்கும் மின் வழங்கும் பகுதியான பீஈசி, சிறிய கட்டுப்படுத்திகளுக்குள் இருக்கும்போது 2 அல்லது 3 அம்பியர் அளவே தரும். ஸ்டியரிங் சேர்வோ கல்லில் முட்டி இழுக்கும் வேளையில் அதுவே போதாமல் றிசீவர் அணைந்து விழிப்பதுண்டு. அத்தகைய வண்டிக்கு 6 வோல்ற்றில் 5 அம்பியர் தரும் தனிப் பீஈசி வேண்டும். 7.4 வோல்ற் ஸ்டியரிங் சேர்வோ பூட்டியவர்கள் அதே இணைப்பில் எம்ஜி90எஸ்ஸைச் சொருகினால் அது எரிந்துபோகும். சிக்னல் அறுந்தால் த்ரொட்டில் நடுநிலைக்கும் பிறேக் பிடிப்புக்கும் செல்லுமாறு ஃபெயில்சேஃபை அமைத்து, சில்லுகளைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, ட்ரான்ஸ்மிற்றரை அணைத்துச் சோதிக்க வேண்டும். பற்றரியே தீர்ந்துபோனால் சேர்வோ தளர்ந்து பிறேக்கும் விட்டுவிடும். வில் பிடித்திருக்க சேர்வோ விடுவிக்கும் தலைகீழ் அமைப்பில் இந்தக் குறை இல்லை. ஆனால் ஓடும் நேரம் முழுவதும் சேர்வோ சுமை தாங்க வேண்டியிருப்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

முதற் சோதனையைப் பாறையில் செய்ய வேண்டாம். சொரசொரப்பான பலகையொன்றைச் சாய்த்து வைத்து, வண்டியை ஏற்றிப் பிறேக்கைப் பிடித்து, பலகையைச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். முதலில் ரயர் வழுக்கினால் பிறேக் போதுமானது. ரயர் உருண்டால் கொலரை நெருக்கி வில்லை இன்னும் சற்று இறுக்க வேண்டும். பிடித்த பிறகும் வண்டி ஓரிரு மில்லிமீற்றர் பின்வாங்கி நிற்பது பற்சில்லுகளின் இடைவெளியாலும் யுனிவேர்சல் மூட்டுகளின் தளர்வாலும் வருவது. அதற்காக வில்லை இறுக்கிப் பயனில்லை. பிறேக் பிடித்திருக்கும்போது த்ரொட்டிலை அழுத்தும் பழக்கம் வரக்கூடாது. ட்ரான்ஸ்மிற்றரில் மிக்ஸிங் வசதி இருந்தால் அந்த நேரத்தில் த்ரொட்டிலை முடக்கி வைப்பது மோட்டாருக்கும் கட்டுப்படுத்திக்கும் நல்லது.

கல்லடி, பாசிக்குடாக் கரைகளில் ஓட்டியவர்கள் வீட்டுக்கு வந்ததும் கலிப்பரை நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்த வேண்டும். உப்பு கேம் துளையில் காய்ந்தால் அலுமினியம் பொரிந்து, விட்ட பிறேக் திரும்பி வராமல் இறுகிவிடும். மாரி காலத்தில் பேட் ஈரமாகிப் பிடி குறைந்தால், சமதரையில் இலேசாகப் பிறேக் பிடித்தபடி சில அடி உருட்டினால் தட்டு உலர்ந்துவிடும். பாசி பிடித்த பாறையில் வழுக்குவது ரயர்தான், அதற்குப் பிறேக்கால் எதுவும் செய்ய முடியாது. பேட்டின் உராய்வுப் பகுதி 1 மி.மீ. அளவுக்குத் தேய்ந்ததும் இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும்.