பஸ் ஸ்டாண்ட் இரைச்சலிலும் பேச்சைப் பிடிக்க: காதுக்கு ஒரு பயிற்சி

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் குரல் நன்றாகவே கேட்கும். என்ன சொன்னார் என்பதுதான் பிடிபடாது. உயிரோசைகளுக்கு வலு அதிகம், அவை தாக்குப்பிடிக்கும். த, ச, ட போன்ற மெல்லிய ஓசைகளை இரைச்சல் முதலில் விழுங்கிவிடும். மிச்சத்தை மூளை ஊகித்து நிரப்புகிறது. நாம் பழக்கப்போவது அந்த ஊகத்தைத்தான்.

திடீரென்று காது மந்தமானாலோ, ஒரு காது மட்டும் கேட்காவிட்டாலோ பயிற்சி வேண்டாம். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

தேவை: இரண்டு போன், ஒரு நோட்டு. ஒரு போனில் மூன்று இரைச்சல்களை ஐந்தைந்து நிமிடம் பதியுங்கள்: மிக்ஸி, பஸ் ஸ்டாண்ட், டீக்கடைப் பேச்சு. இதே வரிசையில்தான் பழக வேண்டும். மிக்ஸி ஒரே சீராக இரையும். டீக்கடையில் பக்கத்துப் பேச்சின் அர்த்தமும் மண்டைக்குள் நுழைந்து குழப்பும். அதுதான் கடினம்.

மற்ற போனில் ரேடியோ செய்திப் பதிவு. அதை முன்னால் கை எட்டும் தூரத்திலும், இரைச்சல் போனை ஒரு பக்கவாட்டில் அதே தூரத்திலும் வையுங்கள். ஹெட்போன் கூடாது, எந்தத் திசைச் சத்தம் என்று இரண்டு காதும் சேர்ந்து பிரிக்கிற வேலை அதில் நடக்காது.

ஒரு வாக்கியம் கேட்டதும் நிறுத்தி, காதில் விழுந்ததை எழுதுங்கள். பிறகு இரைச்சலை அணைத்துச் சரிபாருங்கள். பத்து வாக்கியத்தில் எட்டு சரியென்றால் இரைச்சலை ஒரு புள்ளி கூட்டுங்கள். ஐந்துக்குக் கீழே போனால் குறையுங்கள். செய்தியின் ஒலியைத் தொடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் இரைச்சல் மிஞ்சிவிட்டது, காதுக்கே கெடுதல். ஒரு நாளைக்கு 15 நிமிடம் போதும்.

பலர் சறுக்குவது வாக்கியக் கடைசியில். தமிழில் வினை அங்கேதான் நிற்கிறது, குரல் இறங்குவதும் அங்கேதான். “விருதுநகர் ஊருக்குள்ள போகாது” என்பதில் ‘போகாது’ நழுவினால் பைபாஸில் இறங்கி ஆட்டோ தேட வேண்டியதுதான். அதனால் நோட்டில் கடைசிச் சொல்லுக்குத் தனி மதிப்பெண் போடுங்கள்.

ஒரே பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டால் மனப்பாடம் ஆகிவிடும். மார்க் ஏறும், காது பழகாது. செய்தி வாசிப்பு திருத்தமான உச்சரிப்பு, அதோடு நின்றுவிடவும் கூடாது. இரண்டாவது வாரத்திலிருந்து வீட்டில் உள்ளவர்கள் வேகமாகப் பேசுவதைப் பதிந்து சேருங்கள்.

நேரில் போகும்போது பேசுகிறவர் உதடு தெரிகிற மாதிரி நில்லுங்கள். பாதித் தூரம் நெருங்கினால் திறந்த வெளியில் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். புரியாவிட்டால் “என்ன?” என்று கேட்டால் அதே வாக்கியம் அதே வேகத்தில் திரும்ப வரும். “அண்ணே, ஊருக்குள்ள போகுமா, பைபாஸா?” என்று கேளுங்கள்.