அரை மில்லிமீட்டர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேலம் அம்மாபேட்டையிலிருந்து என் அக்கா மகன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தான். தட்டுவடை செட்டாக்கும் என்று ஆசையாகத் திறந்தேன். உள்ளே ஒரு போன், பாகம் பாகமாக. டப்பாவின் மூலையில் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்து, கடுகு சிந்திய மாதிரி கிடந்தன.

“எல்லாம் ஒரே ஸ்க்ரூதானே மாமா, எதை எங்க போட்டா என்ன?” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் நினைத்தேன். அவனாவது கேட்டான். நான் யாரையும் கேட்காமலே போட்டு முடுக்கினேன்.

இவன் ஒருவன் என்றால் விட்டிருப்பேன். பழைய போனை வீட்டிலேயே சரிசெய்கிறேன் என்று கிளம்புகிற பையன்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். நான் செய்த அதே தவறுகளை அதே வரிசையில் செய்துவிட்டு என் வீட்டுப் படியேறுகிறார்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன். போனை அணைக்காமல் பிரிக்காதே, ஈரக் கையோடு தொடாதே என்பதெல்லாம் இதில் இருக்காது. அது தெரியாதவர் ஸ்க்ரூடிரைவரைத் தொடவே வேண்டாம்.

படங்களை எடுக்காமல் பிரிப்பது

“உடைஞ்ச போன்தானே, போனா போகட்டும்” என்ற தைரியத்தில்தான் எல்லோரும் தொடங்குகிறோம். போன் போகட்டும், சரி. உள்ளே இருக்கும் படங்கள்?

மெமரி சிப்பைத் தனியாகக் கழற்றி, வேறொரு கருவியில் வைத்துப் படித்துவிடலாம் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. 2015இல் ஆண்ட்ராய்டு 6 வந்த பிறகு வெளியான பெரும்பாலான போன்களிலும், ஐபோன்களில் அதற்கு முன்பிருந்தும், சேமித்ததெல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் கிடக்கிறது. அதைத் திறக்கும் சாவி பிராசஸரோடு பிணைந்தது. பிராசஸர் உட்கார்ந்திருக்கும் போர்டு உயிரோடு இருந்தால்தான் படம் கிடைக்கும்.

திரையில் படம் தெரிகிறது, டச் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஒரு ஓடிஜி இணைப்பியும் (போனில் யூஎஸ்பி கருவிகளைச் செருக உதவுவது) கம்ப்யூட்டர் மவுஸும் போதும். செருகினால் திரையில் அம்புக்குறி வரும். பூட்டைத் திறந்து, வேண்டியதை நகலெடுத்துக்கொள்ளலாம். திரை முழுக்க இருட்டாக இருந்தால் புது காம்போவை (டச் கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த திரை) ஒட்டாமல் மாட்டி, முதல் வேலையாகப் படங்களை வெளியே எடுங்கள். பேட்டரி மாற்றுவது, ஃப்ரேம் நிமிர்த்துவது எல்லாம் அப்புறம்.

ஸ்க்ரூவை மாற்றிப் போடுவது

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

என் தங்கச்சியின் ஐபோன் 6 கீழே விழுந்து திரை சிலந்தி வலையாகிவிட்டது. அப்போதே அது பழைய போன். காம்போ வாங்கி நானே மாற்றித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அதற்கு முன் நான் மாற்றியது மூன்று ஆண்ட்ராய்டு போன்கள், மூன்றும் பிழைத்தன. அந்தத் திமிர் இருந்தது.

அந்த போனில் டிஸ்ப்ளே ஸ்ட்ரிப்புகளை (போர்டில் செருகும் பட்டை ஒயர்கள்) அழுத்திப் பிடிக்க ஒரு சின்னத் தகடு உண்டு. அதற்கு ஐந்து ஸ்க்ரூ. மூன்று 1.2 மில்லிமீட்டர், ஒன்று 1.7, இன்னொன்று 3.1. பெரியது கண்ணுக்கே தெரிந்துவிடும். 1.2க்கும் 1.7க்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், கண்ணாடி போடாமல், என்ன தெரியும்? கீழ் வலது துளையில் 1.2க்குப் பதில் 1.7ஐ விட்டேன். கடைசி அரைச் சுற்றில் கொஞ்சம் இறுக்கம் தெரிந்தது. நன்றாக உட்காரட்டும் என்று இன்னொரு திருகு திருகினேன்.

அந்தத் திருகில் போர்டு போயிற்று.

போன் போர்டு என்பது ஒற்றைத் தகடு இல்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் பல அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஒவ்வொன்றிலும் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கோடுகளை ஓட்டியிருப்பார்கள். நீளமான ஸ்க்ரூ துளையின் அடியை முட்டி, கடைந்து, அந்தக் கோடுகளை அறுத்துவிடும். மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அதுதான் எரிச்சல். திரையில் ஆப்பிள் படம் வந்தது, போனது, மறுபடி வந்தது. காம்போதான் மட்டமானது என்று முடிவுகட்டி இன்னொன்று வாங்கினேன். அதே கதை. பேட்டரி மேல் சந்தேகம் வந்து அதையும் மாற்றினேன். ஸ்க்ரூவை மட்டும் சந்தேகப்படவே இல்லை. கடைசியில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். அந்தத் தம்பி தகட்டைக் கழற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, என்னை அழைத்துக் காட்டினார். துளையின் அடியில் தங்கப்பொடி தூவியதுபோல் செம்புத் தூள் மின்னியது.

“அண்ணே, பெரிய ஸ்க்ரூவை இதுல வுட்டுட்டீங்க.”

மேல் அடுக்கில் அறுந்ததற்கு அவர் மெல்லிய கம்பியால் ஜம்பர் போட்டுப் பார்த்தார். உள் அடுக்குகளில் போனதை அவரால் எட்ட முடியவில்லை. உழைப்புக்குப் பாதிக் கூலிதான் வாங்கினார்.

அந்த போனில் என் தங்கச்சி மகளின் காதுகுத்துப் படங்கள் இருந்தன. போட்டோகிராபர் எடுத்த ஆல்பம் வீட்டில் இருக்கிறது. அதில் எல்லோரும் வரிசையாக நின்று சிரிக்கிறோம். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, காது குத்தும் நேரத்தில் பிள்ளை என் சட்டைக் காலரை வாயில் கவ்விக்கொண்டு அலறியதைத் தங்கச்சிதான் போனில் எடுத்தாள். அந்தத் தாய்மாமன் நான். அந்தப் படத்தைத் தொலைத்தவனும் நானே. திரைதானே மாற்றப் போகிறோம், படம் எங்கே போய்விடும் என்று நகலெடுக்காமல் விட்டேன். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

இதில் இன்னொரு வெட்கமும் உண்டு. எங்கள் வீடு சிவதாபுரம் பக்கம், அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை. தரையைக் கூட்டிய குப்பையைக்கூட வெளியே கொட்ட விடமாட்டார். அதில் வெள்ளித் தூள் இருக்கும். முத்துக்கு ஒரு கிண்ணம், சலங்கைக்கு ஒன்று, கொக்கிக்கு ஒன்று, திருகாணிக்கு ஒன்று. ஒரு ஜோடியின் திருகாணியை இன்னொரு ஜோடியில் முடுக்கிப் பார்த்தால் அதட்டுவார்: “மாத்திப் போட்ட திருகாணி மரையைத் தின்னுரும்டா.” சின்ன வயசிலிருந்து கேட்ட பேச்சு. போனில் இருப்பதும் திருகாணிதான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

இப்போது நான் செய்வது இது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போனின் படத்தைப் பெரிதாக வரைவேன். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை அதன்மேல் ஒட்டி, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே நட்டுவைப்பேன். ஒரு தகடு முடிந்ததும் ஒரு போட்டோ. சந்தேகம் வந்தால் அப்பாவின் வெர்னியர் இருக்கிறது, அளந்துவிடுவேன். ஸ்க்ரூவை விரலால் பிடித்து முடுக்குவதுபோல் மெதுவாகத்தான் இறக்குவேன். தலை தகட்டில் உட்காரும் முன்பே இறுகினால் அது அந்த இடத்து ஸ்க்ரூ இல்லை. நிறுத்திவிடுங்கள். “இன்னும் கொஞ்சம்” என்று கை தானாகப் போகும். போக விடாதீர்கள்.

எங்களிடம் ஆண்ட்ராய்டுதானே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். பல போன்களில் நடு ஃப்ரேமுக்கு மறுபக்கம் நேராக டிஸ்ப்ளே இருக்கிறது. நீண்ட ஸ்க்ரூ ஃப்ரேமைத் தாண்டிப் போய்ப் பின்னாலிருந்து திரையைக் குத்தும். எல்சிடி வகைத் திரை என்றால் ஒரு வெள்ளைப் புள்ளி, ஓஎல்இடி வகை என்றால் மை கொட்டியதுபோல் ஒரு கறுப்புத் திட்டு. புதுக் காம்போவில் மாட்டிய அன்றே இது வந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் உங்கள் ஸ்க்ரூவைப் பாருங்கள். நான் சண்டைக்குப் போயிருக்கிறேன்.

நனைந்த போனை அரிசிப் பானையில் வைப்பது

அரிசி சோறாக்குவதற்கு.

நனைந்த போனை ‘ஒரு தடவை போட்டுப் பார்ப்பது’

எங்கள் தெருப் பையன் ஒருவன் ஏற்காடு ஏரியில், படகில் உட்கார்ந்து படம் எடுக்கும்போது போனைத் தண்ணீரில் விட்டான். படகோட்டி அள்ளிக் கொடுத்துவிட்டார். மலையிறங்கும் இருபது கொண்டை ஊசி வளைவில், வளைவுக்கு ஒரு தடவை ஆன் செய்து பார்த்திருப்பான் போல. வீடு வந்து சார்ஜரும் போட்டிருக்கிறான்.

தண்ணீர் மட்டும் போனைக் கொல்வது அபூர்வம். தண்ணீரில் கரைந்த உப்புகளும் பேட்டரியின் மின்சாரமும் சேர்ந்தால் மின்பகுப்பு தொடங்கி, செம்பையும் சால்டரையும் அரித்துவிடும். திறந்து பார்த்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பது அதுதான். அரிசிக்குள் வைத்த மூன்று நாளும் பேட்டரி இணைப்பிலேயேதான் இருக்கிறது. அரிப்பும் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

அணையுங்கள். பிரியுங்கள். பேட்டரி ஸ்ட்ரிப்பைக் கழற்றுங்கள். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஊற்றி, மெத்தென்ற பல்துலக்கும் பிரஷ்ஷால் போர்டைத் தேயுங்கள். உலோக மூடிகளுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கும், அங்கேயும் ஆல்கஹால் இறங்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் கரண்டு. பழைய போன் வாங்கும்போது சிம் தட்டுத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பல மாடல்களில் அங்கே ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். சிவந்திருந்தால் அந்த போன் ஏற்கெனவே ஒருமுறை குளித்தது.

பேட்டரியைக் கரண்டியால் நெம்புவது

கரண்டி என்பது மிகையில்லை, ஒருவர் நிஜமாகவே டீஸ்பூனோடு வந்தார். பேட்டரி மேலுறை பப்படம் மாதிரி மெல்லியது. மடங்கினாலோ குத்துப்பட்டாலோ உள்ளே ஷார்ட் ஆகி, புகைந்து, தீப்பிடிக்கும். வேலைக்கு முன்பே சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிடுங்கள். இழுத்து எடுக்கும் பசைப் பட்டை இருந்தால் மெதுவாக இழுங்கள். அறுந்துபோனால் ஓரத்தில் ஐசோபுரோபைல் சில சொட்டு விட்டு, சில நிமிடம் பொறுத்து, பிளாஸ்டிக் அட்டையால் தள்ளுங்கள். மடங்கிய பேட்டரியை நிமிர்த்தி மறுபடி போடவே கூடாது. ஏற்கெனவே உப்பியிருந்தால் அமுக்கிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். என் மேஜைக்குக் கீழே ஒரு சட்டி நிறைய மணல் இருக்கிறது. இதுவரை ஒரு தடவை தேவைப்பட்டது.

பேட்டரி இணைப்பு இருக்கும்போதே டிஸ்ப்ளேயைச் செருகுவது

எல்சிடியின் பின்விளக்குக்குப் போகும் மின்னழுத்தம் பேட்டரியினுடையதைப் போலப் பல மடங்கு. ஸ்ட்ரிப் சாய்வாக உட்கார்ந்தால் அது பக்கத்து ஊசிக்குப் பாயும், அந்த வழியில் இருக்கும் துளியூண்டு பாகம் கருகும். போன் மணியடிக்கும், திரை மட்டும் இருட்டு. சாய்வாக டார்ச் அடித்தால் உள்ளே மங்கலாகப் படம் தெரியும். பேட்டரியை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள்.

ஒட்டிய பிறகு சோதிப்பது

புதுக் காம்போவின் பாதுகாப்புத் தாளைக்கூட உரிக்காமல் மாட்டி, டச், வண்ணம், ஓரங்கள், காதருகே கொண்டுபோனால் திரை அணைகிறதா என்பதையெல்லாம் பாருங்கள். திரைக்கு அடியில் கைரேகை பார்க்கும் போன்களில் அந்த உணரி பெரும்பாலும் ஒளியை வைத்தே வேலை செய்கிறது. விலை மலிவு என்று ஓஎல்இடிக்குப் பதில் எல்சிடி காம்போ போட்டால் பின்விளக்கு மறைத்துவிடும், கைரேகை வேலை செய்யாது. எல்லாம் சரியாக இருந்தால்தான் பி-7000 பசை. ரப்பர் பேண்டு போட்டு ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

ஐபோன் 5எஸ் முதல் 8 வரை, ஹோம் பட்டனை மாற்றுவது

கைரேகை போய்விடும். பழையதையே கழற்றிப் பொருத்துங்கள்.

ஹீட் கன்

திரைப் பசையை இளக்க ஹேர் டிரையர் போதும்.

அக்கா மகன் கொண்டுவந்த போனில் போர்டு தப்பித்தது. ஸ்க்ரூ குத்தியது திரையைத்தான். நடுவில் எட்டணா அளவுக்குக் கறுப்புத் திட்டு. இரண்டாவது காம்போவுக்கு அவனே காசு போட்டான். போன ஞாயிறு காலண்டர் தாளில் வரைந்து, டேப் ஒட்டி, என் கண் முன்னாலேயே பிரித்து மாட்டினான். நான் காபி குடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் பார்த்தேன். மூடியை அழுத்தி மூடிவிட்டு நிமிர்ந்தவன் தாளைப் பார்த்தான்.

“மாமா, ஒண்ணு மிச்சம் இருக்கு.”

“பிரி.”