1967 தோல்விக்குப் பிந்தைய அரபு அரசியல்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1967 ஜூன் 5 காலையில் எகிப்தின் விமானப்படை ஓடுதளங்களிலேயே எரிந்து முடிந்தது. ஜூன் 10-ஆம் தேதி சண்டை நின்றபோது சினாய், காசா, மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், கோலன் குன்றுகள் எல்லாம் இஸ்ரேலின் வசம் இருந்தன. அதற்குப் பிறகான அரபு அரசியலைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் சில தவறுகள் சலிக்காமல் திரும்பி வருகின்றன. இன்றைய செய்திகளை வைத்துக்கொண்டு அன்றைய நிகழ்வுகளைப் படிப்பதால் வருபவை அவற்றில் பாதி. மீதிப் பாதி, அரபு நாடுகளை ஒரே குடும்பமாகவும் அவற்றின் பூசலை வெறும் பங்காளிக் காய்ச்சலாகவும் பார்ப்பதால் வருபவை. அன்றைய அரபு ஆட்சியாளர்கள் பொறாமையால் மட்டும் மோதிக்கொள்ளவில்லை. ஒருவர் பேசும் கொள்கை மற்றவரின் நாற்காலியைப் பறிக்கக்கூடியதாக இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் குழப்பங்களில் பல தாமாகவே விலகும்.

தோல்விதான் பிளவை உண்டாக்கியது என்று தொடங்குவது

"ஒன்றுபட்டுப் போரிட்டார்கள், தோற்றார்கள், பிறகு சிதறினார்கள்." படிக்க நன்றாக இருக்கிறது, நடந்தது இதுவல்ல.

போருக்கு முந்தைய சில மாதங்களைப் பாருங்கள். 1966 நவம்பரில் ஜோர்டானின் ஆட்சியில் இருந்த மேற்குக் கரையின் சாமு கிராமத்தை இஸ்ரேல் தாக்கியது. தன் மக்களைக் காக்கத் தவறியவர் என்று மன்னர் ஹுசைன் மீது எகிப்தின் கெய்ரோவும் சிரியாவின் டமாஸ்கஸும் பாய்ந்தன. ஜோர்டான் வானொலி சும்மா இருக்கவில்லை. சினாயில் நிற்கும் ஐ.நா. படையின் முதுகுக்குப் பின்னால் எகிப்தின் அதிபர் நாசர் ஒளிந்துகொண்டிருக்கிறார் என்று ஏளனம் செய்தது. அந்த ஐ.நா. படையில் இந்திய வீரர்களும் இருந்தார்கள். ஜூனில் காசாவில் நடந்த சண்டையில் அவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். 1967 மே மாதம் நாசர் அந்தப் படையை வெளியேறச் சொன்னதற்கும், இஸ்ரேலின் தென்துறைமுகத்துக்குக் கடல்வழியான டிரான் நீரிணையை மூடியதற்கும் பல காரணங்கள் உண்டு. சக அரபு ஆட்சியாளர்களின் இந்தக் கேலி அவற்றில் சிறியதல்ல.

இன்னொன்று. மே 21 அன்று சிரியாவை ஒட்டிய ராம்தா என்ற எல்லை ஊரில் குண்டுவெடிப்பு நடந்தது. சிரியாதான் செய்தது என்று சொல்லி ஜோர்டான் அந்நாட்டுடன் தூதரக உறவை முறித்துக்கொண்டது. போருக்கு இரண்டு வாரமே மீதி! மே 30 அன்று ஹுசைன் கெய்ரோவுக்குப் பறந்து நாசருடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தார். தன்னைக் கவிழ்க்கும்படி முந்தைய நாள்வரை அறைகூவல் விடுத்துக்கொண்டிருந்த பாலஸ்தீன விடுதலை அமைப்பின் தலைவர் அகமது ஷுகைரியை அதே விமானத்தில் அம்மானுக்கு அழைத்துச் செல்ல வேண்டிய நிலையும் அவருக்கு வந்தது. ஜோர்டானியப் படை எகிப்தியத் தளபதி ஒருவரின் கட்டளைக்குக் கீழ் போனது. ஆறே நாளில் போர். இதைக் கூட்டணி என்று சொல்வதைவிட, வெளியே நின்றால் சொந்த மக்களே தன்னை விடமாட்டார்கள் என்ற ஒரு மன்னரின் கணக்கு என்று சொல்வதே பொருத்தம்.

தோல்வி புதிதாகப் பிளவை உண்டாக்கவில்லை. இருந்த பிளவுகளின் எடையை மாற்றியது. கெய்ரோவிடம் இருந்த கனம் குறைந்தது. சவூதித் தலைநகர் ரியாதின் கை ஓங்கியது. பாலஸ்தீன ஆயுதக் குழுக்கள் முதல்முறையாகத் தனிச் சக்தியாயின.

எல்லாவற்றையும் ஷியா–சன்னி கணக்கில் அடைப்பது

நம்மிடையே மிகப் பரவலான தவறு இதுதான். 1980-களுக்குப் பிந்தைய ஈரான்–சவூதிப் போட்டியைப் பார்த்துப் பழகிய கண், 1960-களிலும் அதையே தேடுகிறது.

அந்தக் காலத்தின் மிகப் பெரிய அரபு உட்பூசல் ஏமனில் நடந்தது. 1962 செப்டம்பரில் அங்கே இமாம் அல்-பத்ரின் முடியாட்சியை இராணுவ அதிகாரிகள் கவிழ்த்துக் குடியரசை அறிவித்தார்கள். குடியரசுக்குத் துணையாக எகிப்து படை அனுப்பியது. உச்சத்தில் அது 60,000-ஐத் தாண்டியது. மலைகளுக்குப் போன இமாமுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது சவூதி அரேபியா. இமாம், ஷியாவின் ஒரு கிளையான ஸைதிப் பிரிவைச் சேர்ந்தவர். அவரைத் தாங்கிப் பிடித்த சவூதி, சன்னிப் பிரிவிலேயே கடுமையான வஹாபிக் கொள்கையின் இருப்பிடம். இமாமைக் கவிழ்த்துக் குடியரசுத் தலைவரான அப்துல்லா அல்-சல்லாலும் ஸைதி சமூகத்தவர்தான். ஷா ஆண்ட ஈரான், மன்னர் ஃபைசலின் சவூதி, ஹுசைனின் ஜோர்டான் மூன்றும் ஒரே பக்கத்தில் நின்றன. மதப்பிரிவை வைத்து இந்த வரிசையை யாராலும் விளக்க முடியாது. அண்டை நாட்டில் ஓர் இமாமின் அரியணை உருண்டால் அடுத்தது தன்னுடையது என்று மன்னர்கள் அஞ்சினார்கள், விளக்கம் அவ்வளவுதான்.

"இஸ்லாமிய நாடுகள்", "அரபு நாடுகள்" என்ற இரண்டையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் போடுவதும் இதே வகை. அரபு ஒற்றுமையும் சோசலிசமும் பேசிய பாத் கட்சியை நிறுவியவர்களில் முதன்மையான மிஷேல் அஃப்லக் கிறிஸ்தவர். பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியைத் தொடங்கிய ஜார்ஜ் ஹபாஷும் கிறிஸ்தவர். அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக்கில் நாசரின் குரலே ஓங்கியிருந்ததால்தான் ஃபைசல் 'இஸ்லாமிய ஒற்றுமை' என்ற வேறொரு மேடையைக் கட்ட முயன்றார். 1969 ஆகஸ்டில் ஜெருசலேமின் அல்-அக்ஸா மசூதியில் தீவைக்கப்பட்ட பிறகு, செப்டம்பரில் மொராக்கோவின் ரபாத்தில் அந்த மேடை அமைந்தது. நமக்கும் அதில் ஒரு கசப்பான நினைவு உண்டு. அழைக்கப்பட்டுப் போன ஃபக்ருதீன் அலி அகமது தலைமையிலான இந்தியக் குழு, பாகிஸ்தானின் யாஹ்யா கான் எதிர்த்ததால் மாநாட்டில் தொடர்ந்து இடம்பெற முடியாமல் போயிற்று. நாசருடன் தோழமை பாராட்டிய இந்தியாவுக்கு, மேடை மாறியதன் விளைவு அன்றே தெரிந்துவிட்டது.

கார்ட்டூமை மூன்று 'இல்லை'யோடு முடித்துவிடுவது

1967 ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 1 வரை சூடான் தலைநகர் கார்ட்டூமில் நடந்த உச்சி மாநாட்டைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றே: இஸ்ரேலுடன் சமாதானம் இல்லை, அதற்கு அங்கீகாரம் இல்லை, அதனுடன் பேச்சுவார்த்தை இல்லை. இந்த வரி தீர்மானத்தில் இருக்கிறது, ஐயமில்லை. அதற்கு மேலும் கீழும் இருப்பதைப் படிக்காமல் விடுவதுதான் தவறு.

அதே தீர்மானம், ஜூன் 5-க்குப் பிறகு ஆக்கிரமிக்கப்பட்ட நிலங்களிலிருந்து இஸ்ரேல் வெளியேறுவதற்காக அரசியல், இராஜதந்திர முயற்சிகளை ஒருங்கிணைப்பது பற்றிப் பேசுகிறது. 'ஜூன் 5-க்குப் பிறகு' என்ற வரையறையைக் கவனியுங்கள். 1948-இல் இழந்ததைப் பற்றியல்ல, மூன்று மாதத்துக்கு முன் இழந்ததைப் பற்றித்தான் பேச்சு. இந்த வேறுபாட்டை உடனே புரிந்துகொண்டவர் ஷுகைரி. அவர் மாநாட்டிலிருந்து வெளிநடப்புச் செய்தார். டிசம்பரில் பதவியையும் துறந்தார். சிரியா மாநாட்டையே புறக்கணித்தது. மூன்று 'இல்லை'களும் அவ்வளவு கடுமையானவை என்றால், மிகக் கடுமையாகப் பேசியவர்கள் ஏன் கோபித்துக்கொண்டு போனார்கள்?

அடுத்தது பணம். சவூதி அரேபியா 5 கோடி, குவைத் 5.5 கோடி, லிபியா 3 கோடி ஸ்டெர்லிங் பவுண்டு ஆண்டுதோறும் தருவதாக ஒப்புக்கொண்டன. மொத்தம் 13.5 கோடி. அதில் 9.5 கோடி எகிப்துக்கு, 4 கோடி ஜோர்டானுக்கு. ஜூனிலிருந்து சூயஸ் கால்வாய் மூடிக்கிடந்தது (1975 வரை திறக்கவில்லை), சினாயின் எண்ணெய்க் கிணறுகள் பறிபோயின. நாசருக்கு இந்தப் பணம் இல்லாமல் முடியாது. பதிலுக்கு, மேற்கு நாடுகளுக்கு எதிரான எண்ணெய்த் தடை கைவிடப்பட்டது. நாசரும் ஃபைசலும் ஏமன் பற்றி உடன்பாடு கண்டார்கள். ஆண்டு முடிவதற்குள் எகிப்தியப் படை அங்கிருந்து வெளியேறியது. அது வெளியேறிக்கொண்டிருந்த நவம்பரிலேயே சல்லாலின் ஆட்சி கவிழ்ந்தது. ஐந்தாண்டுக் காலம் தன்னைக் கவிழ்க்கத் துடித்தவரின் கஜானாவை இப்போது ஃபைசல் நிரப்ப வேண்டியிருந்தது. கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்பது அன்றோடு தெளிவாகிவிட்டது. என் பார்வையில் கார்ட்டூமின் தலைப்புச் செய்தி இதுதான். மூன்று 'இல்லை' அதன் உறை.

கார்ட்டூமுக்குப் புறப்படுமுன் நாசர் கெய்ரோவில் ஒரு வேலையை முடித்திருந்தார். நெடுநாள் நண்பரும் இராணுவத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவருமான ஃபீல்ட் மார்ஷல் ஆமெரை ஆகஸ்ட் கடைசி வாரத்தில் வீட்டுக்காவலில் வைத்தார். ஆமெர் செப்டம்பரில் இறந்தார். தற்கொலை என்றது அரசு. 'எகிப்து நினைத்தது', 'எகிப்து முடிவு செய்தது' என்று எழுதும்போது, எந்த எகிப்து என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

மாநாடு முடிந்து மூன்று மாதம் ஆவதற்குள், நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 242-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது: ஆக்கிரமித்த நிலங்களிலிருந்து இஸ்ரேல் விலக வேண்டும், அப்பகுதியின் எல்லா நாடுகளும் அமைதியாக வாழும் உரிமையை ஏற்க வேண்டும் என்றது அது. எகிப்தும் ஜோர்டானும் ஏற்றன. சிரியாவும் பாலஸ்தீன விடுதலை அமைப்பும் நிராகரித்தன. அதாவது 'பேச்சுவார்த்தை இல்லை' என்பதன் உண்மையான பொருள், நேரடியாக இல்லை, வெளிப்படையாக இல்லை என்பதே. ஹுசைன் 1963 முதலே லண்டனில் இஸ்ரேலியப் பிரதிநிதிகளை இரகசியமாகச் சந்தித்து வந்தவர்.

மன்னர்கள் ஒரு பக்கம், புரட்சியாளர்கள் மறுபக்கம்

ஏமனைப் படித்தவர்கள் அடுத்து விழும் குழி இது. மன்னராட்சிகள் ஓர் அணி, இராணுவக் குடியரசுகள் இன்னோர் அணி என்ற கோடு ஏமனுக்குப் பொருந்தும். அதை எல்லா இடத்துக்கும் நீட்டினால் முறிந்துவிடும். எகிப்தும் சிரியாவும் 1958-இல் ஒரே நாடாக இணைந்து 1961-இல் பிரிந்தவை. அந்தக் கசப்பு ஆறவே இல்லை. சிரியாவில் 1966 பிப்ரவரியில் பாத் கட்சிக்குள்ளேயே சலா ஜதீத் தலைமையில் நடந்த கவிழ்ப்பில் அஃப்லக் வெளியேற்றப்பட்டார். 1968 ஜூலையில் இராக்கின் பாக்தாதில் ஆட்சியைப் பிடித்த பாத் கட்சி, அதே அஃப்லக்கைத் தன் தலைவராகக் கொண்டாடியது. ஒரே பெயர், ஒரே கொடி முழக்கம், இரண்டு தலைமையகங்கள். ஒன்றுக்கு மற்றொன்று துரோகி. சவூதி மன்னரைவிட டமாஸ்கஸையே பாக்தாத் அதிகம் வெறுத்தது என்றால் மிகையாகாது.

பாலஸ்தீனர்களை ஓரத்தில் நிறுத்துவது

1967 வரை பாலஸ்தீன விடுதலை அமைப்பு பெரும்பாலும் நாசரின் நிழலில் இருந்தது. அரசுகளின் படைகள் தோற்றதும் அந்த நிழல் விலகியது. 1968 மார்ச் 21 அன்று ஜோர்டானின் கராமாவில் இஸ்ரேலியப் படையை பாலஸ்தீன ஆயுதக் குழுவான ஃபதாவின் போராளிகளும் ஜோர்டானியப் படையும் எதிர்த்து நின்றார்கள். புகழ் பெரும்பாலும் ஃபதாவுக்குப் போனது. பீரங்கிகளோடு நின்ற ஜோர்டானியர்களுக்கு அது இன்றுவரை மனக்குறை. 1969 பிப்ரவரியில் ஃபதாவின் யாசர் அராஃபத் பாலஸ்தீன விடுதலை அமைப்பின் தலைவரானார்.

1970 செப்டம்பரில் ஜோர்டான் இராணுவம் அம்மானில் பாலஸ்தீனக் குழுக்களின் மீது பாய்ந்ததை, 'ஒரு மன்னரின் துரோகம்' என்றோ 'விருந்தாளிகளின் நன்றிகெட்டதனம்' என்றோ ஒரே சொல்லில் தீர்ப்பளித்து விடுவார்கள். அதற்கு முந்தைய ஜூலையில் இஸ்ரேலுடன் சண்டையை நிறுத்த அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ரோஜர்ஸ் முன்வைத்த யோசனையை நாசர் ஏற்றார். பாலஸ்தீனர்கள் அவரை எதிர்த்து முழங்கினார்கள். அவர் கெய்ரோவிலிருந்து ஒலித்த அவர்களின் வானொலியை நிறுத்தினார். ஹுசைனுக்கு வழி திறந்ததில் இதற்கும் பங்குண்டு. சண்டையின்போது பாலஸ்தீனர்களுக்குத் துணையாகச் சிரியாவின் டாங்கிகள் வடக்கிலிருந்து நுழைந்தன, ஆனால் ஹாஃபிஸ் அல்-அசாதின் பொறுப்பிலிருந்த சிரிய விமானப்படை துணைக்கு வரவில்லை. ஜோர்டான் மண்ணிலேயே இருந்த இராக்கியப் படையும் அசையவில்லை. செப்டம்பர் 27 அன்று கெய்ரோவில் ஹுசைனுக்கும் அராஃபத்துக்கும் இடையே நாசர் உடன்பாட்டை முடித்தார். மறுநாள் மாரடைப்பில் இறந்தார். நவம்பரில் அசாத், ஜதீதைச் சிறைக்கு அனுப்பிவிட்டு ஆட்சியைப் பிடித்தார்.

எல்லாவற்றுக்கும் வெளிநாட்டுச் சதி என்று சொல்வதையும், அரபுகளின் குணமே அப்படி என்று சொல்வதையும் நீண்ட வாதத்துக்கு எடுக்கத் தேவையில்லை. இரண்டும் படிக்கும் வேலையை மிச்சப்படுத்துகின்றன. வாஷிங்டனும் மாஸ்கோவும் ஆயுதமும் பணமும் கொடுத்தது உண்மை. ராம்தாவின் குண்டையோ இரண்டு பாத் கட்சிகளின் பகையையோ அதைக் கொண்டு விளக்கிவிட முடியாது.

தீர்மானத்தை ஒற்றுமை என்று படிப்பது

உச்சி மாநாட்டு அறிக்கைகளை நம்பி எழுதுவது செய்தியாளர்களின் பழைய பலவீனம். 1978 செப்டம்பரில், நாசருக்குப் பின் எகிப்தின் அதிபரான சதாத் இஸ்ரேலுடன் கேம்ப் டேவிட் உடன்பாட்டில் கையெழுத்திட்டதும் அரபு உலகம் ஒன்றுதிரண்டது என்று எழுதுகிறோம். திரண்டதுபோலத்தான் இருந்தது. அக்டோபரில் சிரியாவும் இராக்கும் கூட்டுச் செயல்பாட்டுச் சாசனத்தில் கையெழுத்திட்டு, இணைப்பைப் பற்றிக்கூடப் பேசின. நவம்பரில் பாக்தாதில் உச்சி மாநாடு கூடியது. 1979 மார்ச்சில் எகிப்து–இஸ்ரேல் ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதே பாக்தாதில் எகிப்தை அரபு லீக்கிலிருந்து இடைநீக்கம் செய்து, தலைமையகத்தை டூனிஸுக்கு மாற்றினார்கள்.

ஜூலையில் சதாம் உசேன் இராக்கின் குடியரசுத் தலைவரானார். சில நாள்களிலேயே, சிரியாவின் துணையோடு சதி செய்ததாகச் சொல்லித் தன் கட்சியின் மூத்த தலைவர்களை மேடையில் பெயர் வாசித்துப் பிடித்துக்கொண்டு போகச் செய்தார், பலர் கொல்லப்பட்டார்கள். இணைப்புப் பேச்சு அத்துடன் முடிந்தது. 1980 செப்டம்பரில் அவர் ஈரான் மீது படையெடுத்தபோது, பாத் கட்சி ஆண்ட சிரியா ஈரான் பக்கம் நின்றது. லீக்கிலிருந்து விலக்கப்பட்டிருந்த எகிப்து சதாமுக்கு ஆயுதம் விற்றது.